பறவைத் திருவிழாவ தனுஷ்கோடில கூட்டாதீங்க, கண்மாய் கண்மாயா நடத்துங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் ராமேஸ்வரம் தனுஷ்கோடி ரூட்ல டூரிஸ்ட் வேன் ஓட்டுறேன். மீன்பிடி குடும்பம்தான், அப்பா வடகடல்ல நாட்டுப்படகு வச்சிருந்தாரு. 2017ல தனுஷ்கோடியோட கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் ரோடு திறந்ததுலேர்ந்து சீசன்னா தினமும் ரெண்டு தடவையாவது அந்த வழியா போறேன், கண்ணால பாத்தத சொல்லணும்னுதான் எழுதுறேன்.

போன தை மாசம் பறவைத் திருவிழான்னு பேனர் கட்டி ரெண்டு பஸ் நெறைய பள்ளிக்கூடப் புள்ளைகள கோதண்டராமர் கோயில் பக்கம் கூட்டிட்டு வந்தாங்க. நடத்துனவங்கள குத்தம் சொல்றதுக்கு இல்ல, நல்ல எண்ணத்துலதான் செஞ்சிருப்பாங்க. ஆனா உச்சி வெயில் ஏறுற நேரம், ஸ்பீக்கர்ல பாட்டு, தம்பி ஒருத்தர் ட்ரோன் வேற ஏத்துறாரு. பூநாரை, அதான் ஃபிளமிங்கோ, மத்த பறவை மாதிரி நின்ன எடத்துலேர்ந்து ஜிவ்வுன்னு கெளம்பாது, தண்ணிமேல தடதடன்னு கொஞ்ச தூரம் ஓடித்தான் எழும்பும், அன்னைக்கு கூட்டம் மொத்தமும் அப்படி ஓடி எழும்பி தென்கடல் பக்கம் போயிருச்சு. புள்ளைக பாத்தது தூரத்துல ஒரு ரோஸ் கலர் கோடுதான். ஒரு பாப்பா எங்கிட்ட வந்து "அண்ணே, திரும்ப வருமா"ன்னு கேட்டுச்சு. காலைல வரும்மான்னேன், ஆனா காலைல அந்தப் புள்ளைய யாரு கூட்டிட்டு வருவா?

மறுநாள் விடியக்காலைல சவாரி இல்ல, வேன ஓரங்கட்டிட்டு இஞ்சின ஆஃப் பண்ணிட்டு சும்மா உக்காந்திருந்தேன். தண்ணி வத்துற நேரம். பூநாரை தலைய தலைகீழா கவுத்து அலக தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டு, ரெண்டு காலாலயும் சேத்த மிதிச்சு மிதிச்சு ஒரே எடத்துல சுத்தி வருது, அப்படி கலக்கி விட்டாத்தான் அடில இருக்க பூச்சி பொடிசெல்லாம் மேல வரும், அத அலகுல சலிச்சு எடுத்துக்கும். தண்ணி நல்லா வத்துனப்புறம் போய்ப் பாத்தா சேத்துல வட்டம் வட்டமா பள்ளம் கெடக்கும், அது பூநாரை சாப்ட்டுப் போன தடம். இத நான் ரோட்டுலேர்ந்தே பாத்தேன், எறங்கி கிட்ட போகவே இல்ல. மேஞ்சிக்கிட்டு இருக்கதெல்லாம் ஒண்ணா கழுத்த நிமுத்தி ஒரே பக்கமா நடக்க ஆரம்பிச்சா நாம கிட்ட வந்துட்டோம்னு அர்த்தம், அதுக்கு மேல ஒரு எட்டு வைக்கக்கூடாது. எங்க பெரியாளுகளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக் குடுக்கல, தானா தெரியும்.

இன்னொண்ணையும் சொல்லிர்றேன். இந்தப் பூநாரை ஆஸ்திரேலியாலேர்ந்து வருதுன்னு செய்தில எல்லாம் வருது, சவாரி வர்றவங்களும் அதையேதான் சொல்றாங்க. ஆஸ்திரேலியாவுல இப்ப பூநாரையே கெடையாதுங்க. நம்ம நாட்டுல அது கூட்டங்கூட்டமா முட்டையிடுற எடம் குஜராத் கட்ச் உப்புப் பாலைவனம். நெசமாவே ரொம்ப தூரத்துலேர்ந்து வர்றது யாரும் திரும்பிப் பாக்காத கொசு உள்ளான்ங்கற குட்டிக் கரைப்பறவைதான், ஒரு எலுமிச்சம்பழ கனம்கூட இருக்காது, ரஷ்யாவோட வடக்குக் கோடி பனிப்பிரதேசத்துலேர்ந்து வருது. வாடை அடிக்கிற காலத்துல இங்க இருக்கும், கச்சான், அதான் தென்மேற்குக் காத்து, பலமா வீச ஆரம்பிக்கிறதுக்குள்ள முக்காவாசி கெளம்பிரும். கெளம்புறதுக்கு முன்னாடி மாசி பங்குனில தின்னு தின்னு ஒடம்புல கொழுப்பு ஏத்தியாகணும், அதுதான் வழிக்கு டீசல். அந்த நேரத்துல நாம ஒவ்வொரு தடவ வெரட்டும்போதும் ஏத்துன டீசல் வீணாப் போகுது.

2025 ஜூன்ல தனுஷ்கோடில 524.7 ஹெக்டேர பூநாரை சரணாலயம்னு அரசு அறிவிச்சாச்சு. 128 வகைப் பறவை கணக்குல வந்திருக்கு. ரொம்ப சந்தோஷம். ஆனா சரணாலயம்னு பேரு வந்ததுமே கூட்டம் இன்னும் கூடும், எனக்கும் சவாரி கூடும், அது தெரிஞ்சேதான் சொல்றேன், திருவிழாவ அங்க வைக்காதீங்க. ஆந்திராவுல சூளூர்பேட்டைல பூநாரை திருவிழா பல வருஷமா நடக்குது, நமக்கும் வேணும், வேண்டாங்கல. நம்ம மாவட்டத்துல சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல்னு நாலு கண்மாய் உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு சொல்ற ராம்சார் பட்டியல்ல இருக்கு, இது எத்தன பேருக்கு தெரியும்? கரையில நின்னாலே கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை எல்லாம் தெரியும், கூடு கட்டியிருக்க மரத்துக்கிட்ட மட்டும் போகாம இருந்தா போதும்.

பொங்கலுக்கு பறவைகள் கணக்கெடுப்புன்னு ஒண்ணு தமிழ்நாடு பூரா நாலு நாள் நடக்குது, பதினஞ்சு நிமிஷம் ஒரு எடத்துல நின்னு கண்ணுல படுற பறவைய எண்ணி எழுதணும், அவ்வளவுதான். அந்த நாலு நாளையே திருவிழாவா வச்சு, அந்தந்த ஊரு பள்ளிக்கூடம் அந்தந்த ஊரு கண்மாய்ல எண்ணட்டும். படம் வரையறது, பேச்சு, மைக் எல்லாம் பள்ளிக்கூடத்துக்குள்ள வச்சுக்கலாம்.

தனுஷ்கோடிக்கு வர்றதா இருந்தா இருபது பேருக்கு மேல வேண்டாம், தண்ணி வத்துற நேரம் பாத்து காலைல வாங்க, ரோட்டுல நின்னே பைனாகுலர்ல பாக்கலாம். கோயில் பக்கம் ஹாரன் வேண்டாம், ட்ரோன் வேண்டவே வேண்டாம். வழிகாட்டியா எங்காளுகள கூப்பிடுங்க. ஏப்ரல் 15லேர்ந்து 61 நாள் விசைப்படகு தடைக்காலம், மீன் முட்டையிடணும்னு அத ஏத்துக்கிட்டு கரையில உக்காந்திருக்க சனம் இது, பறவைக்கு ஒதுங்கி நிக்கணும்னா புரியாதா? வாடைக் காலத்துல புயல் எச்சரிக்கைன்னு கடலுக்கு போகாத நாளு நெறைய வரும், பறவை வர்ற சீசனும் அதேதான், அந்த நாள்ல ஒரு சம்பளம் கெடச்சா வீட்டுக்கும் ஆச்சு.

அந்தப் பாப்பா எந்தப் பள்ளிக்கூடம்னு கேக்காம விட்டுட்டேன். வர்ற தைக்கு காலைல ஆறு மணிக்கு ஒரு வேன் நெறைய புள்ளைகள வாடகை வாங்காம கூட்டிட்டு போக நான் தயாரா இருக்கேன், பள்ளிக்கூடத்துலேர்ந்து யாராவது ஒரு டீச்சர் கூட வந்தா போதும்.

இப்படிக்கு,
வேன் டிரைவர் ஒருவர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்