பிள்ளை யாரிடம் இருக்கும் என்று கேட்டிருந்தாயே

அன்புள்ள செல்விக்கு,

கடிதம் கிடைத்தது. தங்கை விவாகரத்துக்கு மனுப் போட்டுவிட்டாள் என்று படித்ததும் மனசு கனத்துப்போயிற்று. பையனுக்கு இன்னும் ஐந்து வயது ஆகவில்லை, அதனால் அவன் தன்னிடம்தான் இருப்பான் என்று அவள் நம்புவதாக எழுதியிருந்தாய். அதை மட்டும் நம்பி அவள் இருந்துவிடக் கூடாது.

1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் (மைனர்), காப்பாளர் சட்டம் 6-ஆம் பிரிவில், ஐந்து வயது நிரம்பாத குழந்தை 'சாதாரணமாக' தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. அந்த 'சாதாரணமாக' என்ற சொல்லுக்குள்தான் விதிவிலக்கு இருக்கிறது. ஐந்து முடிந்த மறுநாளே தகப்பனிடம் போய்விடும் என்பதும் உண்மை இல்லை. 13-ஆம் பிரிவுப்படி பிள்ளையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல். கணவருக்குச் சம்பளம் அதிகமாயிற்றே என்று அவள் பயப்பட வேண்டாம். குறைகிற பணத்தைப் பராமரிப்புத் தொகையாக அவரிடமிருந்தே வாங்கித்தர கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

மனுக்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை ஒன்றுண்டு. கணவன் செய்த தப்பு பத்துப் பக்கம் இருக்கும், பிள்ளையைப் பற்றி இரண்டு வரி இருக்கும். கெட்ட கணவன் என்று நிரூபித்தால் கெட்ட தகப்பன் என்று ஆகிவிடாது. பையனின் ஒரு நாளை எழுதச் சொல். காலையில் யார் எழுப்புகிறார்கள், பள்ளியில் யார் விடுகிறார்கள், அவள் வேலையில் இருக்கும்போது மாலை நாலு மணிக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள், காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுகிறார்கள். கூடவே அவள் கையெழுத்துப் போட்ட பள்ளி டைரி, தடுப்பூசி அட்டை, டாக்டர் சீட்டு, கட்டண ரசீது.

விவாகரத்து வழக்கு நடக்கிற குடும்ப நல நீதிமன்றத்திலேயே இந்து திருமணச் சட்டம் 26-ஆம் பிரிவில், பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமைக்கு (இதைத்தான் காவல் என்பார்கள்) இடைக்கால மனு போடலாம். தாமதிக்க வேண்டாம். வழக்கு இழுத்துக்கொண்டே போகும். அதற்குள் பையன் ஒரு வீட்டுக்கும் பள்ளிக்கும் பழகிவிட்டால், பிறகு அதைக் கலைக்க எந்த நீதிபதியும் யோசிப்பார். விவாகரத்து வழக்கு இல்லாதவர்கள் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர், காப்பிலுள்ளோர் சட்டத்தில் பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரில் போட வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளையை ஊர் மாற்றினால் அங்கேயே ஆட்சேபம் கிளம்பும்.

கூட இல்லாத பெற்றோர் பிள்ளையைப் பார்க்கும் உரிமையில்தான் அதிகச் சண்டை வருகிறது. 'மாதம் இரண்டு முறை பார்க்கலாம்' என்று மொட்டையாக உத்தரவு வாங்கினால் ஒவ்வொரு மாதமும் தகராறுதான். எந்த இரண்டு சனிக்கிழமை, எத்தனை மணிக்கு, எங்கே ஒப்படைப்பது, யார் கூட்டிப்போய்த் திரும்ப விடுவது, பையனுக்கு உடம்பு சரியில்லாவிட்டால் மாற்று நாள் எது, கோடை விடுமுறையில் எத்தனை நாள், தீபாவளி பொங்கல் யாருக்கு, வாரத்தில் எந்த நாள் வீடியோ அழைப்பு, எல்லாம் உத்தரவிலேயே இருக்கட்டும். பெற்றோர் வேறு வேறு ஊரில் இருந்தால் அழைப்பு வழியாகவாவது பிள்ளையோடு பேச விட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

இன்னொன்று, அவர் பணம் கட்டவில்லை என்பதற்காகப் பையனைக் காட்டாமல் இருக்கக் கூடாது. பாக்கியை வசூலிக்கத் தனி மனு இருக்கிறது. காட்டாமல் வைத்தால் அதுவே அவளுக்கு எதிராகத் திரும்பும்.

பையன் கொஞ்சம் பெரியவனானால் நீதிபதி தன் அறையில் அவனோடு பேசக்கூடும். 'அம்மா வேணுமா, அப்பா வேணுமா' என்று நேரடியாகக் கேட்பது அரிது. 'சோறு யார் ஊட்டுவாங்க, உன் ஃபிரண்டு பேரு என்ன' என்றுதான் போகும். சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்த பிள்ளை, கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லும். அதில் எல்லாம் தெரிந்துவிடும். அப்பாவைப் பற்றி அவன் காதில் எதுவும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுதி உத்தரவுக்கு மேல்முறையீடு 30 நாளுக்குள். நிலைமை மாறினால் காவல் உத்தரவை மாற்றக் கேட்டு மறுபடியும் போகலாம்.

மனு நகலையும் அடுத்த வாய்தா தேதியையும் அனுப்பு. பையனின் ஒரு நாளை அவள் எழுதி முடித்ததும் அதையும் சேர்த்து அனுப்பச் சொல், படித்துப் பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
மீனா