அந்த இஷ்யூவை எனக்காக விட்டுவைத்தவளுக்கு

அப்பா நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். அவுட்ரீச்சி என்ற திறமூல மென்பொருள் இன்டர்ன்ஷிப்புக்கான என் விண்ணப்பமும் போய்ச் சேர்ந்துவிட்டது. நடந்தது என்ன என்று உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும், திரும்ப அதற்குள் போக மனசு வரவில்லை. நன்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கே சொல்லாவிட்டால் செமஸ்டர் பரீட்சை, மாத்திரை நேரம், ரத்தப் பரிசோதனை என்று நாள் ஓடிவிடும்.

பன்னிரண்டு ராத்திரியும் என்னோடு மாறி மாறி இருந்த சித்திக்கு. கேட்காமலே லேப் ரெக்கார்டை முடித்துக் கொடுத்த வகுப்புத் தோழிகளுக்கு. ரத்தம் கொடுக்க ஸ்ரீராமபுரத்திலிருந்து பைக்கில் வந்த அப்பாவின் மூன்று நண்பர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷட்டரைத் திறந்து ஸ்கேன் எடுத்துக் கொடுத்த அல்சூர் மார்க்கெட் ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு. ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் தண்ணீர் ஃபில்டருக்குப் பக்கத்தில் இருந்த ஒரே பிளக்கில் லேப்டாப்பைச் செருகிக்கொள்ளச் சொல்லி, தன் பிளாஸ்டிக் நாற்காலியையும் இழுத்துப் போட்டு "கூத்கோம்மா" என்ற செக்யூரிட்டி தாத்தாவுக்கு. எத்தனை மணிக்குக் கேட்டாலும் மறுநாள் விடிவதற்குள் பதில் போட்டுவைத்த மென்டருக்கு. எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன், ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்ப்பேன்.

ஆனால் இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்ததே ஒருத்திக்காகத்தான். பெயர் போடாதீங்க அக்கா என்று சொல்லிவிட்டாள், போடவில்லை. பெங்களூரு மத்திகெரேயில் ஒரு பிஜியில் தங்கி இரண்டாம் வருஷம் படிக்கிறாள். நாங்கள் இன்னும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. இந்த இன்டர்ன்ஷிப்பில் நான் விண்ணப்பித்த அதே மென்பொருள் திட்டத்துக்கு அவளும் விண்ணப்பித்திருக்கிறாள், அந்தத் திட்டத்தில் இருப்பது ஒரே ஒரு இடம்.

இந்த இன்டர்ன்ஷிப்புக்கு மார்க் ஷீட்டை மட்டும் காட்டி நுழைய முடியாது. முதல் கட்டத்தில் தேறிய பிறகு, நாம் எடுத்துக்கொண்ட திட்டத்தில் ஏதாவது ஒரு பங்களிப்பையாவது செய்து கெடுவுக்குள் பதிய வேண்டும், இல்லையென்றால் இறுதி விண்ணப்பத்தையே போட முடியாது. நான் எடுத்திருந்தது சின்ன இஷ்யூதான், அதாவது சரிசெய்ய வேண்டிய ஒரு பிழை. நீளமான பெயர்களைச் சுருக்கிக் காட்டும் இடத்தில் தமிழ் எழுத்து நடுவில் வெட்டுப்பட்டது. 'பூ' நமக்கு ஒரு எழுத்து, கணினிக்கு ப தனி, ஊகாரக் குறி தனி. கணக்கு அங்கே முடிந்தால் 'பூ' வெறும் 'ப' ஆகி நிற்கும். எழுத்துக் குறிகளை எண்ணாமல் கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்துகளை எண்ணி வெட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. பாதி எழுதி முடித்திருந்தேன். அப்புறம்தான் அந்த ஃபோன் வந்தது.

நான் காணாமல் போன ஒன்பதாம் நாள், இவர் இன்னும் இதைச் செய்கிறாரா, இல்லையென்றால் வேறு யாராவது எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த மென்பொருளின் பராமரிப்பாளர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்டதில் தப்பே இல்லை, அதுதான் அங்கே வழக்கம். அதற்குக் கீழே இவள் எழுதியிருந்தாள்: அவர் வீட்டில் அவசரம் என்று சாட்டில் சொல்லியிருக்கிறார், அவர் போகும் வழி சரியானது, வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கலாமா. அவ்வளவுதான் எழுதியிருந்தாள். பராமரிப்பாளரும் சரி என்று விட்டுவிட்டார்.

புதன்கிழமை ராத்திரி அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தபோது எல்லோருடைய மாற்றங்களும் சேரும் மெயின் பிராஞ்ச் எங்கோ முன்னால் போயிருந்தது. என் மாற்றங்களை அதன் மேல் திரும்ப வைக்க ரீபேஸ் போட்டால் கான்ஃப்ளிக்ட், இரண்டு பேர் மாற்றமும் ஒரே இடத்தில் மோதுகிறது, சரிசெய்தால் இன்னொன்று. தூக்கமில்லாத கண்ணுக்கு எது என் வரி, எது அவர்களுடைய வரி என்றே பிடிபடவில்லை. சாட்டில் கேள்வியைப் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் தமிழில் ஒரு செய்தி: "அக்கா, கூப்பிடட்டுமா?"

கூப்பிட்டாள். மணி பத்தே முக்கால் இருக்கும். முதலில் "அப்பா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள், பிறகு "நீங்க சாப்டீங்களா?" பின்னால் யாரோ விளக்கை அணைக்கச் சொல்லும் சத்தம் கேட்டது, படிக்கட்டுக்கு வந்துட்டேன், பரவாயில்லை, சொல்லுங்க என்றாள். பாதியில் நின்ற ரீபேஸை அபார்ட் (abort) போட்டு ரத்து செய்துவிடச் சொன்னாள். ஒரு புது பிராஞ்ச், அதில் நான் பதிந்துவைத்த மூன்று கமிட்டையும் ஒன்றாக்கி மேலே வைத்து, ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொல்லி, இது உங்களுது, இதை வைங்க, அது பழசு, எடுத்துடுங்க. முக்கால் மணி நேரம். டெஸ்ட் எல்லாம் பச்சையாக வந்தபோது இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

நான் எழுதிய நிரல் அவளுக்கு இவ்வளவு அத்துப்படியாக இருக்கிறதே என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். அதே இஷ்யூவுக்கு அவளும் தீர்வு எழுதி முடித்து வைத்திருந்தாள், நான் எடுத்த மறுநாளே. பராமரிப்பாளர் கேட்ட அன்றைக்கு அனுப்பியிருந்தால் அது அவளுடையதாகியிருக்கும். "நீங்க முதல்ல கேட்டு வாங்கினது அக்கா, நான் எப்படி அனுப்புவேன்?" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் குரலில் பெருமை எதுவும் இல்லை, வரிசையில் நமக்கு முன்னால் நிற்பவர் பையை வைத்துவிட்டுப் போனால் பார்த்துக்கொள்வோமே, அந்த மாதிரி சொன்னாள். ஃபோனை வைத்த பிறகு அந்த நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன். அத்தனை நாளும் அழாதவள்.

2006இல் ஜிநோம் என்ற திறமூல மென்பொருள் திட்டத்துக்கு, மாணவர்களைத் திறமூலத்துக்குக் கொண்டுவரும் கூகுள் சம்மர் ஆஃப் கோடு வழியாக 181 விண்ணப்பங்கள் வந்ததாகவும், அதில் ஒன்றுகூட பெண்ணுடையது இல்லை என்றும், அந்தக் குறையிலிருந்துதான் இன்றைய அவுட்ரீச்சி வளர்ந்தது என்றும் முதல் கட்ட விண்ணப்பத்துக்காகப் படித்திருந்தேன். அப்போது அது எனக்குக் கட்டுரையில் சேர்க்க ஒரு தகவல். இப்போது அந்த வரியை நினைத்தால் மத்திகெரேயில் ஒரு இருட்டுப் படிக்கட்டுதான் கண்ணில் வருகிறது. மூன்று மாதத்துக்கு 7000 டாலர் உதவித்தொகை, எங்கள் இருவர் வீட்டிலும் அது எவ்வளவு பெரிய பணம் என்று எழுதிக் காட்ட வேண்டியதில்லை. அதை எதிரில் வைத்துக்கொண்டுதான் அவள் எனக்காகக் காத்திருந்தாள்.

கெடு நம் நேரத்துக்கு இரவு 9.30. நான் 8.50க்கு அனுப்பினேன். முடிவு மே மாதம்தான் தெரியும். அவளுக்குக் கிடைத்தால் முதல் வாழ்த்து என்னுடையதாக இருக்கும், மனசார. எனக்குக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அடுத்த சுற்றில் ரீபேஸில் சிக்கி நிற்கும் யாராக இருந்தாலும், தமிழில் கேட்டாலும் கன்னடத்தில் கேட்டாலும், எந்த ராத்திரியானாலும் நான் ஃபோனை எடுப்பேன். இதை எல்லோர் முன்னாலும் எழுதிவைக்கிறேன், பின்னால் நான் மறந்தால் யாராவது நினைவுபடுத்துங்கள்.

அவள் அனுப்பிய கடைசித் திருத்தம் (பேட்ச்) இன்னும் ரிவ்யூவில் நிற்கிறது, யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை போல. அப்பாவுக்கு ஒன்பது மணி மாத்திரையைக் கொடுத்துவிட்டு அதை இறக்கி ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.