மூன்று வீடும் இருபது வீடும்

பூதப்பாண்டி,
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாயிற்று. நடவு, களை, நடுவில் என் அம்மைக்குக் காய்ச்சல் என்று உட்கார நேரமே வாய்க்கவில்லை. இன்று விடியற்காலையிலிருந்து மழை. வயலுக்குப் போகும் வேலை இல்லை. அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

அம்மைக்கு இப்போது பரவாயில்லை. கஞ்சி குடிக்கிறாள். உன்னைப் பற்றிக் கேட்டாள், "அவன் கோயம்புத்தூரிலே தேங்காய் போட்டு மீன்குழம்பு வைச்சுத் திங்கானா?" என்று. கும்பப்பூ, அதுதான் இரண்டாம் போக நெல், நடவு முடிந்துவிட்டது. இந்த வருஷமும் திருப்பதிசாரம் 3 ரகம்தான் போட்டிருக்கிறேன். தாடகை மலை நாலு நாளாக மேகத்துக்குள்ளே இருக்கிறது, கண்ணில் படவில்லை. ஒக்கிப் புயலில் மேற்கே தென்னை விழுந்த இடத்தில் நான் வைத்த கன்றுகள் இந்த வருஷம் காய்க்கத் தொடங்கியிருக்கின்றன. நீ வரும்போது அதில்தான் இளநீர்க் கருக்கு வெட்ட வேண்டும்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் வார்ப்படப் பட்டறையில் முப்பது பேரை வைத்துக்கொண்டு நீ படும் பாட்டை எழுதியிருந்தாய். உன் மகன் உன்னை ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பியதையும், அங்கே சினிமாக் காட்சிகளைப் போட்டுத் தலைமைப் பண்பு சொல்லிக்கொடுத்ததையும் எழுதியிருந்தாய். "படத்தைப் பார்த்து இதெல்லாம் கற்றுக்கொள்ள முடியுமா? நீதான் ஆயிரம் படம் பார்த்தவன், சொல்லு" என்று கேட்டிருந்தாய். முடியும் மக்கா. ஆனால் அங்கே காட்டிய காட்சிகளில் அது இருக்காது என்று நினைக்கிறேன். வீரவசனக் காட்சிகளைத்தானே போட்டிருப்பார்கள்?

நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் குளத்துப் பாசனச் சங்கத்துக்கு என்னைத் தலைவராக்கினார்கள். மொத்தம் 46 வயல்காரர்கள். என் வயல் தலைமடையில், குளத்து மடையிலிருந்து வெளிவரும் தண்ணீரில் முதலில் நனையும் வயல். கடைமடையில் ஐந்து பேர். அந்த வருஷம் மழை சீக்கிரம் நின்றுவிட்டது. தை மாதம், கதிர் வெளிவரும் நேரத்தில், குளத்தில் தண்ணீர் பாதிக்கும் கீழே. அம்மன் கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டேன். நாம் சின்ன வயதிலிருந்து பார்த்த அத்தனை படங்களின் வசனமும் என் தொண்டையில் வந்து நின்றது. ஒற்றுமை, மண், மானம் என்று இருபது நிமிஷம் பேசினேன். கை தட்டினார்கள். அன்றைக்கு ராத்திரியே யாரோ மடையின் ஷட்டரை இரண்டு திருகு கூடுதலாகத் தூக்கிவிட்டார்கள்.

மறுநாள் கூட்டத்தில் நான் சொன்ன வார்த்தை இன்றைக்கும் எனக்குள் உறுத்துகிறது. "இருபது வீட்டைக் காப்பாற்ற மூன்று வீட்டை விட வேண்டியதுதான்" என்றேன். உனக்கு நினைவிருக்கிறதா, அது எங்கிருந்து வந்தது என்று? 'ஏழு சாமுராய்', குரோசாவாவின் ஜப்பானியப் படம். நீயும் நானும் பஸ் பிடித்துத் திருவனந்தபுரம் போய், ஃபிலிம் சொசைட்டித் திரையிடலில் பார்த்தோம். மூன்றரை மணி நேரப் படம். அடியில் ஓடிய ஆங்கில எழுத்தை நீ வாசித்து என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தாய். பின்வரிசையில் ஒருவர் அதட்டினார். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுத் தம்பானூர் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்தோம். அன்றைக்கு ராத்திரி முழுக்க நீ கியூசோவின் வாள்வீச்சைப் பற்றியே பேசினாய். நான் தலைவர் கம்பேயைப் பற்றிப் பேசினேன்.

அந்தக் காட்சியைச் சொல்கிறேன். கொள்ளைக்காரர்களிடமிருந்து ஊரைக் காக்க விவசாயிகள் ஏழு சாமுராய் வாள்வீரர்களைக் கூட்டிவருகிறார்களே, அந்தக் கதைதான். நாற்பது கொள்ளைக்காரர்கள் வரப்போகிறார்கள். ஊரில் இருபது வீடு, ஓடைக்கு அப்பால் மூன்று வீடு. அந்த மூன்றையும் காக்க முடியாது, விட்டுவிடுங்கள் என்கிறார் கம்பே. அந்த வீட்டுக்காரர்கள் ஈட்டியை வீசிவிட்டுக் கிளம்புகிறார்கள். அவர் வாளை உருவி அவர்களை வரிசைக்குத் திரும்ப விரட்டுகிறார். தன்னை மட்டும் பார்த்துக்கொள்பவன் தன்னையும் அழித்துக்கொள்வான் என்று சொல்கிறார். வாலிப வயதில் அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தலைவன் என்றால் இப்படித்தான், ஈரம் பார்க்கக்கூடாது என்று மனசில் எழுதி வைத்துக்கொண்டேன். முப்பத்தைந்து வருஷம் கழித்து அதை எடுத்து, கையைத் தூக்கச் சொல்லி, கடைமடை ஐந்து பேரின் தண்ணீரை நிறுத்தினேன். 41 கை மேலே போனது. அந்த ஐந்து பேரில் மூத்தவர் ஒன்றும் பேசாமல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் வயல் முழுக்க மணி பிடிக்காமல் சாவியாகப் போனது. மாசியில் என் களத்தில் நெல் குவிந்து கிடக்கும்போது அவர் மாட்டுக்கு வைக்கோல் கேட்டு வந்தார்.

அந்த வருஷம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் மகள் ஃபோனில் அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தாள். மூன்று ராத்திரியாகப் பார்த்தேன். மக்கா, அது நான் பார்த்த படமே இல்லை.

கம்பே முதலில் வரும் காட்சியை யோசித்துப் பார். ஒரு திருடன் குழந்தையைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குள் இருக்கிறான். கம்பே ஆற்றங்கரையில் உட்கார்ந்து தன் குடுமியைச் சிரைத்துக்கொள்கிறார். துறவியின் அங்கியை வாங்கிப் போட்டுக்கொண்டு, சோற்று உருண்டையோடு உள்ளே போகிறார். அவர்கள் வழக்கத்தில் அந்தக் குடுமிதான் சாமுராயின் மானம். யாரோ ஒருவரின் பிள்ளைக்காக அதை முதலில் வெட்டி எறிந்துவிட்டுத்தான் அந்த மனிதர் கதைக்குள் வருகிறார். விவசாயிகள் அதைப் பார்த்துத்தான் அவர் பின்னால் போகிறார்கள். அவர் மாட்டேன் என்றுதான் சொல்கிறார். அப்புறம் ஒரு கூலியாள், இவர்கள் உங்களுக்கு அரிசிச் சோறு போட்டுவிட்டுத் தாங்கள் தினையைத் தின்கிறார்கள் என்று சொல்லிக் கிண்ணத்தைக் காட்டுகிறான். கம்பே அந்தக் கிண்ணத்தைக் கையில் வாங்கி, இந்தச் சோற்றை வீணாக்க மாட்டேன் என்கிறார். பிறகு ஊரில் அந்தச் சாமுராய்கள் தங்கள் சோற்றை ஊர்ப் பிள்ளைகளுக்குப் பங்கு வைக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் அப்புறம்தான் மக்கா, அவர் மூன்று வீட்டைக் கேட்கிறார். கேட்கும்போது அவர் கையில் மிச்சம் ஒன்றுமில்லை. உயிரையும் அந்த ஊருக்காக வைத்துவிட்டார். நான் என்ன வைத்தேன்? தலைமடையில் என் வயல் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது.

இன்னொன்றையும் பார்த்தேன். அந்த முடிவுக்கு ஆன விலையைப் படம் மறைக்கவில்லை. ஓடைக்கு அப்பால் இருக்கும் மில் வீட்டுக் கிழவர் வர மறுத்து அங்கேயே சாகிறார். அவரைக் கூட்டிவரப் போன மகனும் மருமகளும் சாகிறார்கள். கைக்குழந்தை மட்டும் மிஞ்சுகிறது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு ஏழு பேரில் ஒருவனான கிகுசியோ தண்ணீருக்குள் உட்கார்ந்து, இது நான்தான் என்று அழுகிறான். வாலிப வயதில் எனக்கு வாள் மட்டும்தான் தெரிந்தது, இந்தக் குழந்தை கண்ணில் படவில்லை.

அடுத்த கும்பப்பூவில் நான் பேச்சை விட்டுவிட்டேன். முதலில் கடைமடைப் பெரியவர் வீட்டுக்குப் போய், நான் செய்தது தப்பு என்று சொன்னேன். "தண்ணி வருமா வராதா, அதைச் சொல்லு" என்றார். முறையைத் தலைகீழாக மாற்றினோம். கடைமடைக்கு முதல் தண்ணீர், என் வயலுக்குக் கடைசித் தண்ணீர். வாய்க்காலில் பாதி வழியில் கசிந்து போகிறதே என்று நாலு பேர் சண்டைக்கு வந்தார்கள். அதில் நியாயமும் இருந்தது. அதனால் முறை தொடங்கும் முன்பே வாய்க்கால் முழுவதையும் செதுக்கிச் சுத்தம் பண்ணினோம். முதல் நாள் நான்தான் மண்வெட்டி பிடித்தேன். இரண்டாம் நாள் பதினொரு பேர் வந்தார்கள்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், அதையும் கம்பேயிடமிருந்துதான் எடுத்தேன். கொள்ளைக்காரர் எத்தனை பேர் மிச்சம் என்று அவர் ஒரு தாளில் வட்டம் போட்டு வைத்துக்கொண்டு, ஒருவன் விழுந்தால் ஒரு வட்டத்தை அடிப்பார். நான் ஒரு அட்டையில் 46 வட்டம் போட்டுச் சாயாக்கடைச் சுவரில் தொங்கவிட்டேன். தண்ணீர் பாய்ந்த வயலுக்கு ஒரு அடி. யாருக்குப் பாய்ந்தது, யாருக்குப் பாயவில்லை என்று சாயா குடிக்கிறவர்கள் எல்லோரும் பார்க்கலாம். அதற்குப் பிறகு ராத்திரியில் ஷட்டரைத் தூக்குவது நின்றது. முழுக்க நின்றது என்று சொல்ல மாட்டேன், போன வருஷமும் ஒரு தடவை நடந்தது. ஆனால் காலையில் அட்டையைப் பார்த்துத் தூக்கினவரே வந்து சொல்லிவிட்டார்.

இப்போது உன் பட்டறைக்கு வருகிறேன். அந்தப் பயிற்சிக்காரர் 'அப்பல்லோ 13' படத்திலிருந்து, தோல்வி என்ற பேச்சுக்கே இடமில்லை என்னும் வசனத்தைச் சுவரில் ஒட்டச் சொன்னார் என்று எழுதியிருந்தாய். அந்த வசனம் 1995-இல் வந்த அந்தப் படத்துக்காக எழுதியது. 1970 ஏப்ரலில், விண்கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்து மூன்று பேர் தத்தளித்த அந்த நாட்களில், தரையிலிருந்து அவர்களை வழிநடத்திய ஜீன் கிரான்ஸ் அப்படிச் சொல்லவில்லை. படம் வந்த பிறகு அது அவருக்கே பிடித்துப்போய்த் தன் புத்தகத்துக்குத் தலைப்பாக வைத்துக்கொண்டார். அதை ஒட்டாதே. அதே படத்தில் உனக்கென்றே ஒரு காட்சி இருக்கிறது. கரியமில வாயுவை வடிகட்டும் பெட்டி தாய்க்கலத்தில் சதுரம், அவர்கள் ஏறி உட்கார்ந்த நிலவுக்கலத்தில் வட்டம். ஒருவர் வந்து, கலத்துக்குள் என்னென்ன இருக்கிறதோ அதை மட்டும் ஒரு பெட்டியிலிருந்து மேஜையில் கொட்டுகிறார். இதை அதற்குள் பொருத்த வேண்டும், இந்தச் சாமான்களை வைத்துத்தான் செய்ய வேண்டும் என்கிறார். பேச்சு அவ்வளவுதான். உடனே எல்லோர் கையும் மேஜைக்குப் போகிறது. உன் மோல்டிங் பையன்களுக்கு அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டு. அப்புறம் உடைந்த காஸ்டிங் ஒன்றை மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் இரு.

உன் பழைய போர்மேன் எல்லாவற்றுக்கும் எதிர்ப்பேச்சுப் பேசுகிறார், அவரை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தாய். அவசரப்படாதே. '12 ஆங்க்ரி மென்' பார். 1957-இல் வந்தது, ஒன்றரை மணி நேரம்தான். ஒரே அறை, பன்னிரண்டு ஜூரிகள். பதினொரு பேர் குற்றவாளி என்கிறார்கள், ஹென்றி ஃபோண்டா ஒருவர் மட்டும் இல்லை என்கிறார். பையன் நிரபராதி என்று அவர் வாதாடவில்லை. எனக்குத் தெரியவில்லை, ஒரு உயிர் விஷயம், கொஞ்சம் பேசிப் பார்ப்போம் என்கிறார். அடுத்த ரகசிய ஓட்டில் நான் கலந்துகொள்ளவில்லை, பதினொன்றும் ஒன்றாக இருந்தால் நானும் சரி என்கிறேன் என்று இறங்கி வருகிறார். அப்போதுதான் ஒரு முதியவர் அவர் பக்கம் வருகிறார். 41 கை மேலே போன அன்றைக்கு எங்கள் முற்றத்தில் அப்படி ஒருவர் எழுந்திருந்தால் அந்த ஐந்து வயலும் பிழைத்திருக்கும். உன் போர்மேன் அப்படி எழுந்து நிற்கிறவராக இருக்கலாம். அவர் சொல்வதை ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிட்டு எனக்கு எழுது.

கடைசியாக ஒன்று. கம்பேயாக நடித்த தகாஷி ஷிமுரா அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1952-இல், அதே குரோசாவாவின் 'இகிரு' படத்தில் ஒரு ஆபீஸ் அதிகாரியாக நடித்தார். முப்பது வருஷம் முத்திரை குத்தியே காலம் கழித்தவர். சாக்கடைக் குட்டையை மூடச் சொல்லி வந்த தாய்மார்களை வேறு வேறு செக்‌ஷனுக்கு அலையவிட்டவர். வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு அதே மனு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மேஜை முன்னாலும் குனிந்து நின்று, அந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பூங்கா கட்டி முடிக்கிறார். அவர் இறந்த வீட்டில் கூட வேலை பார்த்தவர்கள் குடித்துவிட்டு, நாளையிலிருந்து நாமும் அவரைப் போல உழைப்போம் என்று அழுது சத்தியம் பண்ணுகிறார்கள். மறுநாள் ஆபீசில் எல்லாம் பழையபடி. படம் முடிந்து வெளியே வந்த எத்தனையோ ராத்திரிகளில் நானும் அப்படிச் சத்தியம் பண்ணியிருக்கிறேன், மக்கா. நீயும் பண்ணியிருப்பாய். அதனால்தான் உனக்குப் பட்டியல் எழுதி அனுப்ப எனக்கு மனசில்லை. பட்டறையில் ஒரு கஷ்டம் வரும்போது, முன்பே பார்த்த படம் ஒன்றை மறுபடியும் எடுத்துப் பார். அதுவரை கண்ணில் படாத ஆள் ஒருவர் அதற்குள் இருப்பார்.

மாசியில் அறுவடைக்கு வா. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. 'ஏழு சாமுராய்' கடைசியில், நாலு சாமுராய்களைப் புதைத்த மேட்டுக்குக் கீழே ஊர்க்காரர்கள் பாட்டுப் பாடி நாற்று நடுகிறார்கள். ஜெயித்தது அவர்கள்தான், நாம் இல்லை என்று கம்பே சொல்லுவார். அந்த இடத்தை உன்னோடு உட்கார்ந்து இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று ஆசை. இந்தத் தடவை காதில் யாரும் மொழிபெயர்க்க வேண்டாம்.

குளம் நிரம்பி மறுகால் பாய்கிறதாம், கடைமடைப் பெரியவர் குடையோடு வாசலில் வந்து நிற்கிறார். ஷட்டரைப் பார்க்கப் போகிறோம்.

அன்புடன்,
உன் கூட்டாளி