டவுனின் நடுவில் எங்களுக்கும் வீடு: துணை நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பான எங்கள் மலையக டவுன் மக்களுக்கும் சுற்றியுள்ள தோட்டத்துச் சொந்தங்களுக்கும் வணக்கம்.

பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, பழைய களஞ்சியம் இருந்த உள்ளூராட்சி சபைக் காணியில் 36 வீடுகள் கொண்ட தொடர்மாடி கட்டுவதற்கான திட்டமும் வரைபடமும் போன மாதம் சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டன. அத்திவாரம் இன்னும் வெட்டவில்லை. கட்டி முடிந்த பிறகு நன்றி சொல்லலாமே என்று சிலர் கேட்டார்கள். கட்டுகிறவர்களுக்கு அப்போது நன்றி சொல்வோம். எங்கே கட்டுவது, எப்படிக் கட்டுவது, யாருக்குக் கட்டுவது என்பதையெல்லாம் எங்களோடு உட்கார்ந்து சீராக்கித் தந்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்கான நன்றியைத் தள்ளிப்போட மனம் வரவில்லை. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால், செய்த உதவியைச் சொல்லியே நன்றி சொல்கிறோம். யாரைச் சொல்கிறோம் என்று டவுனுக்குத் தெரியும்.

நாங்கள் இங்கே வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள். கடைகளில் நிற்பவர்கள், தையல் வேலை செய்பவர்கள், த்ரீவீல் ஓட்டுபவர்கள், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்ப்பவர்கள், பாலர் பாடசாலை ஆசிரியைகள். பெரும்பாலானோர் லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில், பிறந்தவர்கள். முஸ்லிம் குடும்பங்களும் சிங்களக் குடும்பங்களும் எங்களோடு உண்டு. தோட்டங்களில் இந்திய உதவியுடன் கட்டப்படும் 550 சதுர அடி வீடும் அதற்கான 7 பேர்ச் காணியும் தோட்டத்தில் குடியிருப்போருக்கு உரியவை. அவர்களுக்கு அது எப்போதோ கிடைத்திருக்க வேண்டியது. தோட்டத்தை விட்டு வந்த எங்களுக்கோ அங்கே பேர் இல்லை, இங்கே காணி உறுதிப் பத்திரம் இல்லை. கடைக்குப் பின்னால் ஓர் அறை, அல்லது பலகை அடித்துப் பிரித்த அரை வீடு. அதற்கும் ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கட்ட வேண்டும். வீட்டுக்காரர் கேட்ட மாதம் சாமான்களைத் தூக்க வேண்டும். பிள்ளைகள் ஓ.எல். பரீட்சை எழுதும் வருடத்தில்கூட வீடு மாறிய குடும்பங்கள் எங்களில் இருக்கின்றன.

எங்களைப் போன்றவர்களுக்கு வீடு என்று பேச்சு வந்தாலே டவுனுக்கு வெளியே எங்காவது ஒரு மலைச்சரிவைத்தான் காட்டுவார்கள். அது ஏன் என்று எங்களுக்குப் புரியவைத்தவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஐயா. கோயில் மண்டபச் சுவரில் டவுன் வரைபடத்தை ஒட்டி, சுற்றிலும் பச்சை அடித்துக் காட்டினார். எல்லாம் தேயிலை. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. காணி அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது. அதில் ஒரு துண்டைப் பிரித்தெடுக்கப் பல கதவுகளைத் தட்ட வேண்டும். தேயிலைக்குள் அடைபட்ட டவுன் பக்கவாட்டில் வளர முடியாது. அதனால் நடுவில் சும்மா கிடக்கும் சபைக் காணி ஒவ்வொன்றும் பொன் என்றார். அன்றிலிருந்து அந்தப் பழைய களஞ்சியத்தை நாங்கள் பார்த்த பார்வையே வேறு. ஐயா, நீங்கள் காட்டிய அந்தப் படம்தான் எங்களுக்கு வாதாடத் தைரியம் தந்தது.

ஆனாலும் முதலில் பேசப்பட்ட இடம் மூன்று கட்டைக்கு (மைலுக்கு) அப்பால். காணி மலிவு, இடமும் தாராளம் என்றார்கள். அதை மாற்றியவர்கள் மார்க்கட்டில் மரக்கறி விற்கும் அக்காமார். "விடியற்காலை மூன்றரைக்கு லொறி வந்து மூட்டை இறக்குது. அந்த நேரத்துக்கு எந்த பஸ் வரும், சொல்லுங்க" என்று சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து வருகிற பெண்கள், மாலை இருட்டிய பிறகு டியூஷன் விட்டு வருகிற பிள்ளைகளின் அம்மாமார் என்று ஒவ்வொருவராகப் பேசினார்கள். பேசியதோடு நிற்காமல், வீடு வீடாகப் போய், அவ்வளவு தூரத்திலிருந்து வேலைக்கும் பள்ளிக்கும் வந்துபோக மாதம் என்ன செலவாகும் என்று கொப்பியில் எழுதி வந்தார்கள். வாடகையில் மிச்சம் பிடிப்பதை பஸ்ஸுக்கும் த்ரீவீலுக்கும் கொடுத்துவிடுவோம் என்பது அந்தக் கொப்பியில் பச்சையாகத் தெரிந்தது. எங்களுக்காக எழுதப்பட்ட எத்தனையோ மனுக்களைவிட அந்தக் கொப்பி பெரிய வேலை செய்தது. அக்காமாரே, இடத்தை வென்று தந்தவர்கள் நீங்கள்.

இனி வரைபடத்துக்கு வருகிறோம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

காகிதத்தில் வரைந்த வீட்டைப் பார்த்துத் தலையாட்டுவது சுலபம். எங்கள் வரைஞர் தம்பி அப்படி விடவில்லை. ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் ஒரு வீட்டை அதன் உண்மையான அளவிலேயே கோடு கிழித்தார். கதவு இங்கே, ஜன்னல் அங்கே, குசினி இது என்று சொல்லி, எங்களை உள்ளே நடக்கச் சொன்னார். பெண்கள் கட்டிலையும் அலுமாரியையும் அளந்து வந்து கோட்டுக்குள் வைத்துப் பார்த்தார்கள். குசினிக் கதவைத் திறந்தால் காஸ் சிலிண்டர் இடிக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. சாமிப் படம் வைக்கச் சுவர் இல்லை என்பதும் தெரிந்தது. "மழைக் காலத்தில் உடுப்பு எங்கே காயும்?" என்று ஓர் அம்மா கேட்டார். ஜூன், ஜூலையில் வாரக்கணக்கில் வெயில் முகம் காட்டாத ஊர் இது. ஈர உடுப்பை அறைக்குள் தொங்கவிட்டால் சுவர் பூத்து, பிள்ளைகளுக்கு இழுப்பு வருகிறது. அந்தக் கேள்வியால், ஒவ்வொரு மாடியிலும் கூரை போட்டுக் காற்றோட்டம் வைத்த உலர்த்தும் இடம் ஒன்று வரைபடத்தில் ஏறியது. லயத்து இஸ்தோப்பு (முன் திண்ணை) போல நாலு பேர் உட்கார்ந்து கதைக்கவும் அதில் இடம் இருக்கிறது.

அன்று மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, கடைசியாக, "மாடியில ஒருத்தர் செத்துப்போனா பெட்டி இந்தப் படியில இறங்குமா?" என்று கேட்டார். யாரும் கேட்கத் துணியாத கேள்வி. தம்பி உடனே படிக்கட்டைக் கோடு கிழித்தார், நாலு இளைஞர்கள் ஒரு நீளப் பலகையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார்கள். வளைவில் திரும்பவில்லை. படிக்கட்டை அகலப்படுத்தினார்கள். ஆஸ்பத்திரிக்கு ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகவும் அதே அகலம்தான் வேண்டும். பாட்டி, உங்கள் பேரப்பிள்ளைகள் அந்தப் படியில் ஏறி இறங்கும்போதெல்லாம் உங்களை நினைப்போம்.

மின்தூக்கி வைப்பதா வேண்டாமா என்று நீண்ட நாள் இழுபறி. வைத்தால் பராமரிப்புச் செலவை யார் தாங்குவது? வைக்காவிட்டால் முழங்கால் வலிக்காரர்கள் என்ன செய்வது? இதைத் தீர்த்தவர் எங்கள் மேசன் பாஸ். காணிக்குக் கீழே ஒரு ரோடு, மேலே ஒரு ரோடு. மலையிலே கட்டுகிறோம், மலையையே படியாக எடுத்துக்கொள்ளலாமே என்றார். கீழ் ரோட்டில் கடைத்தளமும் ஒரு வாசலும். மேல் ரோட்டில் இன்னொரு வாசல், அது நேரே நடு மாடிக்குள் போகும். இப்போது எந்த வீட்டுக்காரரும் இரண்டு மாடிக்கு மேல் ஏறவோ இறங்கவோ தேவையில்லை. மேல் வாசல் மட்டத்தில் இருக்கும் வீடுகளை முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒதுக்கியிருக்கிறோம். கட்டடக் கலைஞர் அதைக் கேட்டதும் தன் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டுப் புதிதாக வரைய உட்கார்ந்தார். அவருடைய அந்தப் பெருந்தன்மைக்கும் நன்றி.

மண்ணைப் பற்றிய பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணோடு போனதை மலையகத்தில் யார் மறப்பார்? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மறுபடியும் மலைகள் சரிந்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு இல்லாமல் இங்கே கட்ட முடியாது என்பதை ஒரு தடையாக நினைத்தவர்களும் எங்களுக்குள் இருந்தார்கள். மண்ணைத் துளையிட்டுப் பார்க்க வந்த பொறியியலாளர் அந்த எண்ணத்தை மாற்றினார். சரிவில் நீர் ஊறி மண் பாரமாவதுதான் ஆபத்து, அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஊறுகுழி வெட்டி மலைக்குள்ளே தண்ணீர் விடவே கூடாது என்றார். கழிவுநீரை மூடிய தொட்டிக்குக் கொண்டுபோய்ச் சுத்திகரிக்க வேண்டும், கூரைத் தண்ணீரைக் கொங்கிறீட் கான் (வடிகால்) வழியே ஓடைவரை இறக்க வேண்டும், தாங்குசுவரில் நீர் வடியத் துளைகள் வேண்டும், மலையைச் செங்குத்தாக வெட்டாமல் கட்டடம் படிப்படியாக ஏற வேண்டும். தேயிலை மலையில் கான் வெட்டிப் பழகிய பெரியவர்களுக்கு இது உடனே புரிந்தது. மழை நாளில் தண்ணீர் எந்தப் பக்கம் பாயும் என்று அவர்களே காணியில் நடந்து காட்டினார்கள். இதனால் செலவு கூடியது. தரைக்கு டைல்ஸும் முன் கேட்டின் அலங்காரமும் வேண்டாம், கானும் சுவரும் உறுதியாக இருக்கட்டும் என்று குடும்பங்கள் எல்லாம் ஒருமனதாகக் கைதூக்கின. அந்தக் கூட்டத்தை நினைத்தால் இன்றும் பெருமையாக இருக்கிறது.

பணம், சட்டம் இரண்டிலும் எங்களுக்கு வழிகாட்டியவர்கள் சட்டத்தரணி அக்காவும் வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஐயாவும். பாதி வீடுகள் வாடகைக்கு, பாதி தவணையில் சொந்தமாக என்ற யோசனை அவர்களுடையது. வாடகை குடும்ப வருமானத்தின் காற்பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதியையும் அவர்களே எழுதித் தந்தார்கள். தோட்டத்தில் வேலை செய்யும் பெற்றோரின் ஊழியர் சேமலாப நிதியிலிருந்து, பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்து போதிய மீதி இருந்தால், 30 வீதம் வரை வீட்டுக்காக முன்கூட்டியே எடுக்கலாம் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. 1973இன் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தையும் அக்கா பொறுமையாக விளக்கினார்: வீட்டுக்கு உறுதி கிடைத்தாலும் கூரை, படிக்கட்டு, குழாய், கான் எல்லாம் பொது, அவற்றைப் பார்க்க முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் வேண்டும், மாதாமாதம் அதற்குப் பணம் சேர வேண்டும். கடைத்தளத்தின் வாடகை அந்த நிதிக்கே போகும் என்று திட்டத்தில் எழுதியாயிற்று.

மெயின் ரோட்டு முதலாளிமார் சிலர் ஆரம்பத்தில் இதை விரும்பவில்லை. நெரிசல் கூடும், லொறி நிறுத்த இடம் போகும் என்று பயந்தார்கள். பயத்தை மறைக்காமல் நேரே வந்து சொன்னார்கள். கீழ் ரோட்டில் சாமான் இறக்க ஒரு வளைவு விட்டது அவர்கள் கேட்டதால்தான். இப்போது அவர்களில் இருவர் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள்.

சிங்களத்தில் வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் அன்றன்றே தமிழில் எழுதித் தந்த ஆசிரியைக்கு, மண்டபம் தந்த கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும், பிரித் ஓதும் நாளிலும் எங்களுக்காக ஓர் அறையைத் திறந்துவிட்ட விகாரைக்கு, கோப்பு தேங்காமல் பார்த்துக்கொண்ட பிரதேச செயலக உத்தியோகத்தர்களுக்கு, கூட்டம்தோறும் பிளேன்டீயும் ரொட்டியும் தந்த கடைக்கு எங்கள் நன்றி.

வீடு யாருக்கு என்ற தெரிவு இனித்தான் வரப்போகிறது. பட்டியலையும் புள்ளி வழங்கும் முறையையும் மூன்று வணக்கத்தலங்களின் பலகைகளிலும் சபை வாசலிலும் மூன்று மொழிகளில் ஒட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆட்சேபனை சொல்ல எல்லோருக்கும் நேரம் தரப்படும். கொப்பி எழுதத் தெரிந்த பிள்ளைகள், கணக்குப் பார்க்கத் தெரிந்த பெரியவர்கள் அந்த வேலைக்கும் தேவை. அதற்காக உங்களிடம் மறுபடி வருவோம்.

அன்புடன்,
வாடகைக் குடும்பங்களின் சார்பில்,
வீடமைப்புக் குழுச் செயலாளர்