அப்பாவின் பட்டறைக்குக் கை கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. பட்டறை ஓடிக்கொண்டிருக்கிறது. நேரில் நன்றி சொல்லப் போனால் பாதிப் பேர் "அதெல்லாம் எதுக்கு அம்மிணி" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் இந்த மடல். படிக்கும்போது யாரும் குறுக்கே பேச முடியாதல்லவா.

எங்கள் பட்டறையைத் தெரியாதவர்களுக்கு: கோவை காட்டூரில், லேத்துகளுக்கு நடுவே, போர்டு இல்லாத ஒரு தகரக் கொட்டகை. அப்பா புது வண்டி தொடமாட்டார். பிஎஸ்ஏ, நார்ட்டன், ட்ரையம்ப், வலது காலில் கியர் போடும் பழைய புல்லட், மைசூரில் செய்த ஜாவா, எஸ்டி, போனால் போகிறதென்று ராஜ்தூத். அவர் போனபோது உள்ளே 11 வண்டிகள் இருந்தன. ஒன்றுகூட முழுசாக இல்லை. பிஸ்கட் டின், ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு பித்தளைச் சொம்பு என்று எல்லாவற்றிலும் நட்டும் ஸ்க்ரூவும். எந்த டின்னில் இருப்பது எந்த வண்டியின் சாமான் என்ற கணக்கு அவர் தலைக்குள் மட்டுமே இருந்தது. நானோ ஸ்பின்னிங் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள். புல்லட் ஓட்டத் தெரியும். கழற்றத் தெரியாது.

காரியம் முடிந்த மறுநாளே ஒருவர் வந்து, மொத்தத்தையும் எடை போட்டு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கிலோவுக்கு விலையும் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அம்மாதான் உள்ளேயிருந்து, "அதுல நம்ம வண்டி ஒண்ணுகூட இல்ல, அடுத்தவங்க சாமானை எப்படி எடைக்குப் போடுவ?" என்றார்.

ஆகவே முதல் நன்றி வண்டி கொடுத்தவர்களுக்கு. நோட்டைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஒருவர்கூட அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கவில்லை. "உங்கப்பா ஆறு மாசம்னு சொன்னா மூணு வருஷம்னு தெரிஞ்சுதானே குடுத்தேன், நீ மெதுவாச் செய்" என்றார் ஒரு பொள்ளாச்சிக்காரர். அப்பாவுக்கு இப்படி ஒரு பெயர் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

உக்கடம் பாய், நீங்கள் இல்லையென்றால் அந்த டின்கள் இன்னும் டின்களாகவே இருந்திருக்கும். மூன்று ஞாயிற்றுக்கிழமை உங்கள் சாமான் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்து, தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்தீர்கள். ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் தடவி, "இது நான் குடுத்ததுதான், நார்ட்டனுக்குன்னு கேட்டாரு" என்று ஒதுக்கி வைத்தீர்கள். வாங்கியவர் எழுதி வைக்கவில்லை, விற்றவர் மறக்கவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் இரண்டு ரூபாய் பாக்கி வைத்தது உட்பட.

மில் ஃபிட்டர் ஐயாவுக்கு ஒரு நன்றியும் ஒரு மன்னிப்பும். முதல் மாதம் கையில் கிடைத்த மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு ஏழெட்டு நட்டுகளின் மூலையை மழித்துவிட்டேன். நீங்கள் திட்டவில்லை. அப்பாவின் விட்வொர்த் (பழைய இங்கிலாந்து அங்குல அளவு) ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கி, "இதுல 3/8னு போட்டிருந்தா அது நட்டோட அகலம் இல்லம்மா, போல்ட்டோட விட்டம்" என்றீர்கள். அந்த ஒரு வரியில் பட்டறையில் பாதி விளங்கிவிட்டது. இங்கிலாந்தில் செய்து இந்த ஊர் மில்களுக்கு வந்த பழைய மிஷின்களிலும் இதே மரைதான் என்பதும், மில் மூடியபின் அந்தக் கை சும்மா இருந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தது. எதற்கும் பயப்படாமல் கழற்று, பூட்டு என்பீர்கள். ஜி.டி. நாயுடு இளவயதில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் போட்டுப் படித்த கதையை எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! அப்பாவும் அதையே சொல்வார். இந்த ஊரில் ஸ்பேனர் பிடித்த எல்லோரும் சொல்வார்கள் போல.

கணபதி லேத் அண்ணனுக்கும் நன்றி. நீங்கள் கூலியில் ஒரு பைசா குறைத்ததில்லை. ஆனால் ராக்கர் புஷ் இரண்டு முறை கடைந்து, நீங்களே சரியில்லை என்று தூக்கிப் போட்டு, மூன்றாவதைத்தான் கொடுத்தீர்கள். புல்லட் டேங்குகளுக்குக் கையாலேயே தங்கக் கோடு இழுத்துத் தந்த பெயிண்டர் அண்ணன், கோடு இழுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வதைப் பார்த்து நானும் அடக்கிக்கொண்டு நின்றேன்.

இனி பிஎஸ்ஏ கதை. இதைச் சுருக்க மனசு வரவில்லை.

எம்20. 500 சிசி, சைடு வால்வு என்ஜின், இரண்டாம் உலகப் போர்க்காலத்து ராணுவ வண்டி. 1,26,000 வண்டிகளுக்கு மேல் செய்தார்கள். போர் முடிந்தபின் ராணுவம் கழித்து விற்ற டிஸ்போசலில் வந்ததை, வண்டியை எங்களிடம் கொடுத்த வாத்தியாரின் தகப்பனார் வாங்கியிருக்கிறார். அப்பா கடைசியாகக் கை வைத்ததும் இதில்தான். என்ஜினை முடித்துவிட்டுத்தான் படுத்தார். ஓட்டிப் பார்க்கவில்லை.

ஓட்டிப் பார்ப்பதற்கு அப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார். மேட்டுப்பாளையம், கல்லாறு தாண்டி மலை ஏறி பர்லியாறு போக வேண்டும். அங்கே என்ஜினை அணைத்துவிட்டு ஒரு டீ குடிக்க வேண்டும். அந்தச் சூட்டிலேயே திரும்ப ஸ்டார்ட் ஆனால்தான் டெலிவரி. எம்20 காலையில் இரண்டாவது கிக்கில் எடுக்கும், மலையும் ஏறும். டீ குடித்தபின் பிணம். மூன்று முறை டாடா ஏஸில் ஏற்றித்தான் திரும்பி வந்தோம். கார்புரேட்டரைக் கழற்றினேன், பிளக்கை மாற்றினேன், பாயிண்ட் இடைவெளியைப் பார்த்தேன். மூன்றாம் முறை வெறுத்துப்போய், பொறி விழும் நேரத்தை மாற்றும் டைமிங் லீவரைப் பின்னுக்குத் தள்ளாமல் கிக் அடித்து, அது திருப்பி அடித்து, பத்து நாள் காலில் கட்டோடு இருந்தேன்.

வைண்டிங் அக்கா, உங்களிடம் வந்தது அந்தக் கட்டோடுதான். பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்கு, பேட்டரி இல்லாமலே பிளக்குக்குப் பொறி தரும் மேக்னெட்டோவைக் கொண்டுபோனால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். நீங்கள் லென்ஸ் போட்டுப் பார்த்துவிட்டு, "காயில் நல்லாத்தான் இருக்கு, குளிர்ல வேலை செய்யுது, சூட்டுல செத்துப்போவுது, இல்ல? இதுக்குள்ள கண்டென்சர் எங்க இருக்கு?" என்று கேட்டீர்கள். சுழலும் பாகமான ஆர்மேச்சருக்கு உள்ளேயே புதைந்திருந்தது. ஆடி வெயிலில் மேக்னெட்டோவை மொட்டை மாடியில் வைத்து, சூடேறியதும் சுற்றிக் காட்டினீர்கள். பொறி நீலத்திலிருந்து மஞ்சளாகி, பிறகு வரவே இல்லை. பழசை எடுத்துவிட்டு சின்னதாக ஒரு புது கண்டென்சரைப் பாயிண்டுக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். வாங்கிய கூலி 350 ரூபாய்.

நாலாவது முறை பர்லியாறில் டீ தொண்டையில் இறங்கவில்லை. வாத்தியார் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். முதல் கிக்கில் எடுத்தது. அணைத்துவிட்டு மறுபடி அடித்தேன், மறுபடி எடுத்தது. டீக்கடைக்காரர் காசு வாங்கவில்லை. "அப்பா பாக்கி ஒண்ணு இருக்கு, அதைக் குடுத்துட்டுப் போ" என்று 12 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார். அவருக்கும் நன்றி.

பேப்பர் வேலை பார்த்த அண்ணனை விடக்கூடாது. 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த விதியில், 20,000 ரூபாய் கட்டினால் 10 வருஷத்துக்கு 'விஏ' நம்பர் கிடைக்கும் என்பதை எனக்குச் சொன்னது நீங்கள்தான். ஆனால் வண்டி பழைய உருவத்திலேயே இருக்க வேண்டும். டிஸ்க் பிரேக் போடு, செல்ஃப் மோட்டார் போடு என்றவர்களிடம் அப்பா ஏன் அவ்வளவு சண்டை போட்டாரோ! அந்தச் சண்டையால்தான் இன்று அந்த ஃபாரத்தைத் தைரியமாக நிரப்ப முடிகிறது.

அம்மாவுக்கு இங்கே நன்றி எழுதினால் கோபித்துக்கொள்வார். அடுப்படியில் இருந்தபடியே "டைமிங் கொஞ்சம் அட்வான்ஸா இருக்கு பாரு" என்று சொல்லும் ஆளுக்கு எப்படி நன்றி சொல்வது என்றும் தெரியவில்லை.

11-ல் எட்டு போய்ச் சேர்ந்துவிட்டன. இரண்டு வேலையில் இருக்கின்றன. மிச்சம் ஒன்று, மெரூன் நிற ஜாவா. நோட்டில் "ஜாவா, அட்வான்ஸ் 500, தம்பி" என்று மட்டும் அப்பாவின் கையெழுத்து. பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை. கொடுத்த தம்பிக்கு இப்போது என்ன வயசோ. டேங்கின் இடது பக்கம் ஒரு சின்ன நசுக்கல் இருக்கிறது, அது எப்படி வந்தது என்று சொன்னால் போதும், வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். என்ஜின் ரெடி. டேங்க்கை மட்டும் இன்னும் பெயிண்டுக்குக் கொடுக்கவில்லை.