ச்சல்மாக்னா முதல்ல திருட்டு இல்ல, அடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்புல துருக்கி மொழி பத்தி வந்த கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா 'ச்சல்மாக்'ங்கிற வினைச்சொல்லுக்குத் திருடுறதுதான் மூல அர்த்தம், மத்ததெல்லாம் பின்னாடி ஒட்டிக்கிட்டதுன்னு போட்டிருந்தீங்களே, அது அப்படியே தலைகீழ். மஹ்மூத் அல்-காஷ்கரி 1070-கள்ல பாக்தாத்ல உக்காந்து துருக்கியச் சொல்லுக்கெல்லாம் அரபில அகராதி எழுதினார்ல, அதுல இதுக்கு ஆளத் தூக்கித் தரையில அடிக்கிறதுன்னுதான் அர்த்தம். இதோட 'ஒருத்தரோட ஒருத்தர்'ங்கிற 'ஷ்' விகுதி சேந்து 'ச்சலிஷ்மாக்' ஆனா மல்லுக்கட்டுறது, இன்னைக்கு துருக்கில அதே சொல்லுக்கு வேலை செய்றதுன்னு அர்த்தம். ஆபீஸ் போறவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேணாம்.

அடின்னு வச்சுக்கிட்டா மிச்சமெல்லாம் தானா வரும், நாமளும் மணி அடிக்குது, விசில் அடிக்கிறான், ஹார்ன் அடிக்கிறான், யாரோ பர்ஸ அடிச்சுட்டாங்கன்னு ஒரே சொல்ல வச்சு ஓட்டுறோம்ல, துருக்கிக்காரங்களும் இந்த நாலுக்கும் ச்சல்மாக்தான் சொல்றாங்க. கதவத் தட்டுறது, சாஸ்ங்கிற தந்தி வாத்தியம் வாசிக்கிறது, ஃபோன் மணி அடிக்கிறதுன்னு அது பாட்டுக்குப் போகுது. வாத்தியத்துக்குப் பேரே 'ச்சல்கி', அலாரம் கடிகாரம் 'ச்சலார் சாஅத்'. 'கிலிச் ச்சல்மாக்'னா வாள வீசி வெட்டுறது, அதுல பழைய அடி இன்னும் அப்படியே இருக்கு. திருட்டு அர்த்தமும் பொய்யில்ல, மினாராவ, அதாவது மசூதிக் கோபுரத்த, திருடுறவன் அத மூடி மறைக்க உறையையும் முன்னாடியே ரெடி பண்ணி வச்சிருப்பான்னு பழமொழியே இருக்கு, ஆனா அது இந்த வரிசைல ஒண்ணு, அவ்வளவுதான்.

எனக்குப் பிடிச்சது பாலுக்கு உறை ஊத்துறது, அதுவும் 'மாயா ச்சல்மாக்'. நஸ்ரெத்தின் ஹோஜா, அதான் நம்ம முல்லா நஸ்ருதீன், ஆக்ஷெஹிர் ஏரிக்கரையில உக்காந்து ஸ்பூன்ல தயிர எடுத்து ஏரிக்கு உறை ஊத்திட்டு இருந்தாராம், ஏரி எங்கயாவது தயிராகுமான்னு கேட்டா "ஒருவேளை ஆயிட்டா?"ன்னாராம். நடக்காததுக்கு மெனக்கெடுறவங்கள இன்னைக்கும் ஏரிக்கு உறை ஊத்துறான்னுதான் அங்க சொல்றாங்க. இத விட்டுட்டு இந்தச் சொல்ல பத்தி எப்படிங்க ஒரு பக்கம் எழுத முடிஞ்சுது?

அடுத்த வாரம் ரெண்டாவது பகுதி வரும்னு போட்டிருக்கீங்க, அதுல ஒரு வரி திருத்தம் போட்டா போதும், புதுசா துருக்கி மொழி படிக்கிற பசங்க ஃபோன் திருடுதுன்னு மனப்பாடம் பண்ணாம தப்பிச்சுக்குவாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்