பிள்ளைக்குப் பொலிசைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வருகிற வியாழக்கிழமை பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பணியகத்திலிருந்து இரண்டு உத்தியோகத்தர்கள் நமது பாடசாலைக்கு வருகிறார்கள். இதை வட்ஸ்அப்பில் போட்ட அன்றிரவே, "எங்கட பிள்ளை என்ன செய்தவன் சேர்?" என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். ஒன்றும் செய்யவில்லை. தரம் 8 முதல் 11 வரையான பிள்ளைகளோடு பேசத்தான் வருகிறார்கள்.

அந்தப் பயம் எனக்கும் தெரியும். தொண்ணூறுகளில் மட்டக்களப்பில் அடையாள அட்டையும் கையுமாகச் சோதனைச் சாவடியில் நின்றவன்தான் நானும். ஆனால் அதைச் சோற்றோடு பிசைந்து பிள்ளைக்கும் ஊட்டுகிறோமே! "சாப்பிடாட்டிப் பொலிசில பிடிச்சுக் குடுப்பன்" என்று சொல்லாத வீடு எத்தனை?

போன தவணை, ஒரு மாணவனின் படத்தை வைத்துக்கொண்டு யாரோ ஒருவன் ஃபோனில் காசு கேட்டு மிரட்டியிருக்கிறான். மூன்று கிழமை பிள்ளை வாய் திறக்கவில்லை. தாயின் காப்பு காணாமல் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கொப்பியின் ஓரத்தை நகத்தால் கிழித்துக்கொண்டே, "பொலிஸ் என்னைத்தானே சேர் பிடிக்கும்?" என்றான்.

மிரட்டப்பட்டவன் குற்றவாளி அல்ல. 2018இல் திருத்திய நமது நாட்டுத் தண்டனைச் சட்டக் கோவையின்படி, 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்த எதுவும் குற்றமாகவே கொள்ளப்படாது. பொலிசுக்குப் போனால், முறைப்பாட்டைத் தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள், அது உங்கள் உரிமை. விளங்காத தாளில் கையொப்பம் வைக்க வேண்டாம். பொலிசுக்குப் போகத் தயக்கமென்றால் 1929க்கு எடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், காசு போகாது.

ரியூசன் விடும் நேரத்தில் சந்தியில் பொலிஸ் நின்றால் நல்லதுதான். ஆனால் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு சிகரட் விற்கும் கடை எதுவென்று நம் ஊருக்குத் தெரியுமே, நாம் சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

வருகிறவர்களிடம் நானும் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறேன்: சீருடை வேண்டாம், பெற்றோர் இல்லாமல் எந்தப் பிள்ளையின் பையையும் திறக்க வேண்டாம். சரி என்றார்கள்.

அன்று பிற்பகல் 2 மணிக்கு உங்களுக்கும் அவர்களோடு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். அப்பாமாரும் வாருங்கள். கூட்டமென்றால் அம்மாமார்தான் வருகிறார்கள்.

இப்படிக்கு,
அதிபர்